இந்த வெயில்தான் என் பயம்

நடுவர் ஐயா அவர்களே, இரு அணி நண்பர்களே, சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்திருக்கும் புதுவை மக்களே, வணக்கம்.

வீட்டில் இகுவானா வளர்ப்பது நல்ல பழக்கம் என்று பேசிய அக்கா கைதட்டலை அள்ளினார். நானும் தட்டினேன். அவர் சொன்னதில் பாதி உண்மைதானே! அது இலை தின்னும் பல்லி இனப் பிராணி. காலையில் பெரிய மார்க்கெட் போனால் முருங்கையும் அகத்தியும் கட்டுக் கட்டாக இருக்கிறது. செம்பருத்தி வாசலிலேயே பூக்கிறது. லண்டனில் வளர்ப்பவர் ஹீட்டருக்குக் கரண்ட் பில் கட்டி அழுகிறார், நமக்குச் சூரியன் இலவசம். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கண்ணாடித் தொட்டியில் காட்டுகிறார்களே பச்சைக் குட்டி, அது அந்த அளவிலேயே நிற்குமா? சில வருடங்களில் வாலோடு சேர்த்து நாலைந்து அடி வரும். வெயிலில் இருக்கும் புற ஊதா பி கதிர் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வராது. அது தோலில் படாவிட்டால் வைட்டமின் டி3 ஊறாது. டி3 இல்லாவிட்டால் அகத்தியை மூட்டையாகக் கொட்டினாலும் கால்சியம் உடம்பில் சேராது. தாடை ரப்பராகிவிடும், கால் வீங்கும், முதுகு கோணும். சரி, தொட்டியோடு மொட்டை மாடியில் வைப்போமா? மே மாதத்தில் உயிரோடு வெந்துவிடும்.

அப்படியானால் கம்பிவலைக் கூண்டு வேண்டும். ஆறடி உயரம், ஆறடி நீளம், மூன்றடி அகலம். ஏறிப் படுக்கக் கிளை, ஒரு மூலையில் 35 டிகிரிச் சூடு, மறு மூலையில் நிழல். லாஸ்பேட்டை வாடகை வீட்டில் ஓனர் ஆணி அடிக்கவே விடமாட்டார், இதற்கா விடுவார்? பெண்ணாக இருந்தால் ஆண் துணை இல்லாமலே முட்டை வைக்கும். தோண்டிப் புதைக்க மண் இல்லையென்றால் முட்டை வயிற்றுக்குள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

இத்தனையும் பதினைந்து வருடத்துக்கு, ஐயா! வாங்கித் தரச் சொல்லிக் கேட்ட பையன் அதற்குள் பாரீசுக்குப் படிக்கப் போய்விடுவான். அவனுக்கு விசா வந்துவிடும், இகுவானாவுக்கு எந்தத் தூதரகத்தில் வரிசையில் நிற்பது? இது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிர். 2022 வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்தச் சட்டமும் அதன் 2024 விதிகளும் வந்தபிறகு வைத்திருந்தாலே அரசிடம் பதிய வேண்டும். கை மாற்றினாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும்.

பார்த்துப் பார்த்து அலுத்தவர் என்ன செய்வார்? ராத்திரியில் ஊசுட்டேரிக் கரையில் விட்டுவிட்டு வருவார். புண்ணியம் என்றே நினைப்பார்! இந்த ஊர் வெயில் அதற்கு ஒத்துவரும் என்று அக்கா பெருமைப்பட்டாரே, என் பயமே அதுதான். குளிர் ஊரில் அவிழ்த்துவிட்டால் ஒரு பனிக்காலத்தில் அது சாகும். இங்கே சாகாது.

நம் சொந்தக்காரர்கள் போன ஊரிலேயே பாருங்கள். 1853இல் நம் ஊர் ஆட்களைக் கரும்புக் காட்டுக் கூலிக்கு ஏற்றிக்கொண்டு ஒரேலி என்ற கப்பல் மர்த்தினீக் தீவுக்குப் போனது. அந்தப் பக்கத்துத் தீவுகளுக்கென்று ஒரு சொந்த இகுவானா உண்டு. வெளியிலிருந்து கொண்டுபோன பச்சை இகுவானா அதன் இடத்தைப் பிடித்தது, அதோடு கலந்தது. குவாதலூப்பிலும் இதே கதை. அசல் இனம் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. புளோரிடாவில் அரசே கொல்லச் சொல்கிறது. மனிதன் ஆசையாகக் கொண்டுவந்து விட்ட உயிரை மனிதனே சுடும் நிலைமை!

பிள்ளைகள் உயிர்நேயம் கற்பார்கள் என்றார் எதிரணித் தம்பி. கற்கட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் வடநெம்மேலியில் இறங்கலாம். 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை அங்கே இருக்கிறது. இகுவானாவும் இருக்கிறது, பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். டிக்கெட் என் செலவு, தம்பி. மணி அடித்துவிட்டார்கள், உட்காருகிறேன்.