கடனோடு சேர்ந்து வரும் காப்புறுதி

(தோட்டக் கூட்டுறவு அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



கடன் வாங்காதீர்கள் என்று அறிவுரை கூற நான் இங்கு வரவில்லை. வீடு வாங்கவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும், மோட்டார் சைக்கிள் வாங்கவும் கடன் வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் இருப்போர்க்கும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்தின் ஓரத்தில் குடியேறியவர்க்கும் இது பொதுவான நிலைமையே. நான் பேச வந்தது, அந்தக் கடனோடு சேர்த்து நமக்கு விற்கப்படும் காப்புறுதியைப் பற்றியாகும். அதில் நாம் ஏமாற்றப்பட்டிருந்தால் நட்ட ஈடு கேட்கலாமா, எவ்வாறு கேட்பது என்பதைப் பற்றியும் கூற விரும்புகிறேன்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு பிரிட்டனில் நடந்திருக்கிறது. ஒரு நாட்டின் சாதாரண மக்கள், பெரிய வங்கிகளிடம் கடிதம் எழுதிக் கேட்டே தங்கள் பணத்தைத் திரும்பப் பெற்ற வரலாறு அது.

தவணைக் காப்புறுதி என்பது என்ன?

கடன் வாங்கியவர் நோயுற்றாலோ, விபத்துக்குள்ளானாலோ, வேலையை இழந்தாலோ, அவர் கட்ட வேண்டிய மாதத் தவணையைக் காப்புறுதி நிறுவனம் சில காலம் கட்டும் என்பதே தவணைக் காப்புறுதியின் நோக்கம். நோக்கம் நல்லதே. மழைக்காலத்தில் பால் வெட்டு இல்லாமல் சம்பளம் குறைந்த அனுபவம் உள்ள நமக்கு, அதன் அருமை எளிதில் விளங்கும்.

ஆனால், பிரிட்டனில் அது விற்கப்பட்ட முறையில்தான் கோளாறு இருந்தது. 1990 முதல் 2010 வரையிலான ஆண்டுகளிலேயே பெரும்பாலும் விற்கப்பட்ட இப்பத்திரங்களின் எண்ணிக்கை 6 கோடியே 40 லட்சம் வரை இருக்கும் என்று அந்நாட்டு நிதிக் கண்காணிப்பு ஆணையம் கணக்கிட்டது. அவற்றுள் பல, வாங்கியவர்க்கு ஒரு நாளும் பயன்பட முடியாதவை.

எவ்வாறென்று கேட்பீர்கள். வேலை இழப்புக்குக் காப்பு என்று கூறி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர்க்கு விற்றார்கள். சொந்தத் தொழில் செய்பவர்க்கு விற்றார்கள்; அவர்களில் பலர்க்கு அந்தக் காப்பு கிடைக்க வழியே இல்லை. முன்பே முதுகு வலியோ மனநோயோ உள்ளவர்க்கு, அந்த நோய்க்குக் காப்பு இல்லை என்பதைக் கூறாமல் விற்றார்கள். 'இதை எடுத்தால்தான் கடன் கிடைக்கும்' என்று சிலரிடம் கூறினார்கள். வேறு சிலர்க்குத் தாம் காப்புறுதி வாங்கியிருப்பதே தெரியாது. விண்ணப்பத் தாளில் கட்டத்திற்குள் அடையாளமிட்டு வைத்து, 'இங்கே கையெழுத்துப் போடுங்கள்' என்று நீட்டிவிட்டார்கள்.

சந்தாவின் மேல் வட்டி

இன்னொரு வகையையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். காப்புறுதிச் சந்தா முழுவதையும் தொடக்கத்திலேயே கடனோடு கூட்டிவிடுவது ஒரு முறை. கணக்காகச் சொன்னால் தெளிவாகும். ஒருவர் 10,000 வெள்ளி கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தா 2,000 வெள்ளி. இரண்டையும் கூட்டி 12,000 வெள்ளிக் கடனாக எழுதிக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு 10 விழுக்காடு நிலை வட்டி, ஐந்து ஆண்டுத் தவணை என்றால், அந்த 2,000 வெள்ளிச் சந்தாவுக்கு மட்டும் 1,000 வெள்ளி வட்டி. ஆக, கையில் ஒரு காசும் வாங்காத தொகைக்காக அவர் கட்டுவது 3,000 வெள்ளி.

பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2014 நவம்பரில் தீர்ப்பளித்த வழக்கு ஒன்று உண்டு. கணவரை இழந்த கல்லூரி விரிவுரையாளர் ஒருவர், 2006இல் 34,000 பவுன் கடன் வாங்கினார். அதனோடு 5,780 பவுன் காப்புறுதிச் சந்தாவும் சேர்க்கப்பட்டது. கடனோ பத்து ஆண்டுக்கு. காப்போ ஐந்தே ஆண்டுக்கு. அந்தச் சந்தாவில் 71.8 விழுக்காடு தரகாகப் பிரிந்து போயிற்று. நூறு பவுன் கட்டினால், ஏறத்தாழ 72 பவுன் தரகு! எஞ்சிய 28 பவுன்தான் காப்புறுதி நிறுவனத்திற்குச் சென்றது. இத்துணை பெரிய தரகை அவரிடம் தெரிவிக்காமல் மறைத்தது நியாயமான கொடுக்கல் வாங்கல் ஆகாது என்று நீதிமன்றம் கூறிற்று. அதன் பின், சந்தாவில் பாதிக்கு மேற்பட்ட தரகு மறைக்கப்பட்டிருந்தால், அந்த மிகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்னும் விதி 2017இல் நடைமுறைக்கு வந்தது.

மக்கள் கேட்டார்கள், பெற்றார்கள்

இவை யாவும் தாமாக வெளிவரவில்லை. மக்களுக்கு இலவச ஆலோசனை வழங்கும் 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' என்னும் அமைப்பு, தன்னிடம் வந்த முறையீடுகளைத் தொகுத்து, 2005இல் அரசாங்க வாணிகக் கண்காணிப்பு அலுவலகத்திடம் பெரும் புகாராக அளித்தது. ஒருவர் தம் குறையைச் சொன்னால் அது ஒரு வீட்டுக் கதையாக நின்றுவிடும். பலர் சொன்னதை ஓரிடத்தில் எழுதி வைத்தால் அது சான்றாகிவிடும். தொழிற்சங்கம் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

2009இல், ஈடில்லாக் கடனோடு சந்தாவை ஒரே தொகையாகக் கூட்டி விற்பதை நிறுத்துமாறு கண்காணிப்பு ஆணையம் கேட்டுக்கொண்டது. 2010இல், பழைய புகார்களை எவ்வாறு விசாரித்து ஈடு தர வேண்டும் என்பதற்கு விதிகள் வந்தன. வங்கிகளின் சங்கம் அவ்விதிகளை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. 2011 ஏப்ரலில் தோற்றது. மே மாதத்தில் மேல்முறையீடு வேண்டாம் என்று விட்டுவிட்டது. அதன் பின் வங்கிகள் திருப்பித் தந்த தொகை 3,800 கோடி பவுனுக்கு மேல் என்றால், நடந்த தவற்றின் அளவை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

கேட்ட முறையும் எளியதே. முதலில், கடன் கொடுத்த நிறுவனத்திற்கே எழுத வேண்டும். அது எட்டு வாரத்திற்குள் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத் தக்கதாய் இல்லாவிட்டாலோ, நிதிக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம், அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. தவறாக விற்கப்பட்டது என்று முடிவானால், கட்டிய சந்தாவையும், அதன்மேல் கட்டிய வட்டியையும் திருப்பித் தந்து, பணம் கையை விட்டுப் போன காலத்திற்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு தனி வட்டியும் சேர்த்துத் தருவதே பொதுவான முறையாக இருந்தது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைக் கூறியாக வேண்டும்.

முதலாவது, இடைத்தரகர் பற்றியது. 'உங்கள் பணத்தை நாங்கள் வாங்கித் தருகிறோம்' என்று அந்நாட்டில் பல நிறுவனங்கள் முளைத்தன. கட்டணமின்றித் தாமே கேட்டுப் பெறக்கூடிய பணத்தில், நூற்றுக்கு 25, 30 என்று பங்கு எடுத்துக்கொண்டன. 2018இல் சட்டம் வந்து, 20 விழுக்காட்டுக்கு மேல் வாங்கலாகாது என்று வரம்பு கட்டியது. அவ்வரம்பிலும், 2,000 பவுன் கிடைத்தவர் 400 பவுனை வரி நீங்கலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. இருமுறை விலை கொடுத்தவர் நிலைமை இது.

இரண்டாவது, காலக் கெடு பற்றியது. புகார் செய்ய இறுதி நாள் 2019 ஆகஸ்ட் 29 என்று அறிவிக்கப்பட்டது. அந்நாளைத் தவறவிட்டவர்க்கு, மிக அரிய காரணம் இருந்தாலன்றி அந்த வாயில் அடைபட்டுவிட்டது. உரிமை இருந்தும், 'நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்றிருந்தவர் இழந்தார்.

நம் வீட்டில் நடந்தது

அன்பர்களே, பிறநாட்டுக் கதையை இதோடு நிறுத்தி, என் குடும்பத்தில் நடந்த ஒன்றைக் கூறுகிறேன். கூறுவதற்கு எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

என் தமக்கையின் கணவர், தோட்ட வேலையை விட்டபின், வங்கிக் கடனில் மலிவு விலை வீடு ஒன்றை வாங்கினார். நான்காம் ஆண்டில் மாரடைப்பால் காலமானார். என் தமக்கை பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்து, மாதந்தோறும் தவணையைக் கட்டி வந்தார். ஒரு மாதமும் தவறவில்லை. வீடு போய்விடுமோ என்னும் அச்சம் அவருக்கு. பத்தொன்பது மாதம் கழித்து, என் மருமகன் ஏதோ சான்றிதழ் தேடித் தகரப் பெட்டியைத் திறந்தபோது, வீட்டுக் கடன் பத்திரங்களின் அடியில் ஒரு காப்புறுதிப் பத்திரம் இருந்தது. கடன் வாங்கியவர் இறந்தால், மீதிக் கடனைக் காப்புறுதி நிறுவனம் தீர்க்கும் என்பது அதன் வாசகம். அதற்கான சந்தாவையும் கடனோடு கூட்டி மைத்துனரே கட்டியிருக்கிறார். அவரிடம் ஒருவரும் அதை விளக்கவில்லை. அவரும் மனைவியிடம் சொல்லவில்லை.

இறப்புச் சான்றிதழோடு எழுதிக் கேட்டோம். சில மாத அலைச்சலுக்குப் பின் மீதிக் கடன் தீர்ந்தது. இறப்புக்குப் பின் கட்டிய தவணைகளும் திரும்ப வந்தன. அந்தப் பத்தொன்பது மாதமும் என் தமக்கை மருந்தைக் குறைத்து, பிள்ளைகளின் வகுப்புக் கட்டணத்தைத் தள்ளிப் போட்டுத் தவணை கட்டியது மட்டும் திரும்பவில்லை. குடும்பத்தில் படித்தவன் நான். 'அக்கா, அந்தப் பத்திரங்களைக் கொண்டு வாருங்கள், பார்ப்போம்' என்று நான் ஒரு முறையும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் விளக்கம் கூறும் நான், சொந்த வீட்டில் கேட்கத் தவறிவிட்டேன்.

பயன்படாத காப்புறுதிக்குப் பணம் கட்டியவர்கள் பிரிட்டனில் இருந்தார்கள். பயன்படும் காப்புறுதி இருந்தும் அதை அறியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: கையெழுத்திட்ட தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாமை.

நாம் செய்ய வேண்டியவை

ஆகவே, கடன் வாங்கும்போது நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இந்தத் தொகையில் காப்புறுதிச் சந்தா சேர்ந்திருக்கிறதா? அதற்கு வட்டி உண்டா? காப்பு எத்தனை ஆண்டுக்கு? எந்த எந்த நிலையில் காப்பு கிடைக்காது? விடையை எழுத்தில் கேளுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள பத்திரம் விளங்காவிட்டால், மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். அன்றே கையெழுத்திட வேண்டும் என்று அவசரப்படுத்தினால், மறுநாள் வருவதாகக் கூறிவிட்டு எழுந்து வாருங்கள்.

ஆயுள் காப்புறுதிப் பத்திரம் கைக்கு வந்தபின், அது வேண்டாம் என்று தோன்றினால், 15 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துக் கட்டிய சந்தாவைத் திரும்பப் பெறும் உரிமை நம் நாட்டில் உண்டு. மருத்துவச் சோதனைச் செலவு இருந்தால் அதை மட்டும் கழிப்பார்கள். வீட்டுக் கடனைக் காலத்திற்கு முன்பே அடைத்துவிட்டால், ஒரே முறையில் கட்டிய காப்புறுதியின் எஞ்சிய மதிப்பு கிடைக்கக்கூடும். கேளாதவர்க்கு அது தெரியாமலே போய்விடும்.

குறை ஏற்பட்டால், முதலில் அந்த வங்கிக்கோ காப்புறுதி நிறுவனத்திற்கோ எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். கடன் எண், பத்திர எண், நடந்தது என்ன, வேண்டுவது என்ன என்னும் நான்கும் இருந்தால் போதும். கடிதத்தின் நகலையும், பற்றுச்சீட்டுகளையும் பத்திரமாக வையுங்கள். அவர்களது இறுதிப் பதில் மனநிறைவு தராவிட்டால், அது கிடைத்த ஆறு மாதத்திற்குள் எஃப்.எம்.ஓ.எஸ். எனப்படும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையை நாடலாம். அறுபது நாள் கடந்தும் பதிலே வராவிட்டாலும் நாடலாம். முன்பிருந்த இரு அமைப்புகள் ஒன்றாகி, 2025 ஜனவரி 1 முதல் அது இயங்கி வருகிறது. 250,000 ரிங்கிட் வரையிலான இழப்பை அது விசாரிக்கும். பயனீட்டாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆகவே, 'நான் முடித்துத் தருகிறேன், பாதி கொடு' என்று வருவோரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். உரிமமின்றி வட்டிக்கு விடுவோர் இந்த ஏற்பாட்டுக்குள் வரமாட்டார்கள். அவர்களிடம் சிக்கி மிரட்டப்படுவோர் நேரே காவல் நிலையம் செல்ல வேண்டும்.

புகார் எழுதுவதைச் சண்டை என்று நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். 'பெரிய இடத்துப் பகை எதற்கு?' என்கிறார்கள். அது பகையன்று. கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவது எவ்வளவு இயல்போ, அவ்வளவு இயல்பானது அது. நாம் தவணை தவறினால் அவர்கள் கடிதம் எழுதத் தயங்குவதில்லை. அவர்கள் தவறினால் நாம் எழுதத் தயங்க வேண்டியதில்லை.

இன்றிரவு உணவுக்குப்பின், வீட்டிலுள்ள கடன் பத்திரங்களைக் கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து எடுத்துப் பாருங்கள். என்ன காப்புறுதி இருக்கிறது, அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று வீட்டில் இருவராவது அறிந்திருக்கட்டும். விளங்காததை அடுத்த ஞாயிறன்று இங்கே கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம். என் தமக்கைக்கு நான் காலத்தில் செய்யத் தவறியதை, உங்களுக்காவது செய்ய விரும்புகிறேன்.