வேலையில் சலிப்பு
(ஊராட்சிப் பணியாளர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



களைப்பு வேறு, சலிப்பு வேறு. களைப்பு உறங்கி எழுந்தால் தீரும். சலிப்போ, உறங்கி எழுந்தவனையும் வேலை வாசலிலேயே எதிர்கொள்ளும். அதனைச் சோம்பல் என்று பெயரிட்டு ஒதுக்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது.

உங்களுள் பலர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை இயக்குபவர்கள். விடியுமுன் மோட்டாரை ஓட்டுதல், தொட்டி நிரம்பியதும் நிறுத்துதல், குளோரின் கலத்தல், தெருவாரியாக வால்வுகளைத் திறந்து மூடுதல் ஆகிய இவையே ஆண்டு முழுவதும் வேலை. முறையாக நடக்கும்வரை உங்களை எவரும் நினைப்பதில்லை. ஒரு நாள் தண்ணீர் வராவிடில் ஊரே தேடி வருகிறது. இத்தகைய வேலையில் மனம் சலிப்பது இயல்பே.

இதனை ஆராய்ந்தவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரில், பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி ராடார் திரையை நெடுநேரம் நோக்கியிருந்த வீரர்கள் அடையாளங்களைத் தவறவிட்டனர். காரணம் அறிய முற்பட்ட நார்மன் மாக்வொர்த் என்னும் பிரிட்டிஷ் உளநூல் அறிஞர், கடிகார முள் போன்றதொன்றை இரண்டு மணி நேரம் கவனிக்கச் செய்தார். முள் எப்போதேனும் ஓரடிக்குப் பதிலாக ஈரடி தாவும். அதைக் கண்டு சொல்லவேண்டும். அரை மணி கழிந்ததும் பிழைகள் பெருகின. ஆனால் அரை மணிக்கொருமுறை ஓய்வு பெற்றவர்களிடமும், தாம் செய்தது சரியா தவறா என்பதை உடனுக்குடன் அறிந்தவர்களிடமும் அத்தளர்ச்சி காணப்படவில்லை. இம்முடிவுகள் 1948-இல் வெளியாயின.

இதில் நமக்குப் பாடம் உண்டு. மோட்டார் ஓடாவிடில் உடனே தெரியும். குளோரின் கலக்காவிடில் நீர் அன்றும் தெளிவாகவே தோன்றும். நோய் வந்த பின்னரே பிழை புலப்படும். ஆகவே, கடைசித் தெருக்குழாயில் நீரெடுத்துச் சோதியுங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினேனும் எஞ்சியிருத்தல் வேண்டும். சோதனைக் குழாயில் தோன்றும் நிறமே அன்றைய உழைப்புக்குக் கிடைக்கும் விடை.

அலுவலர்களாகிய நமக்கும் பொறுப்பு உண்டு. பதிவேட்டில் கையொப்பம் மட்டும் இட்டுத் திருப்பினால், அதை எவரும் படிப்பதில்லை என்பது எழுதியவருக்கு விளங்கிவிடும். பின்னர் சோதிக்காமலே எண்களை எழுதும் பழக்கம் தோன்றும். அப்பிழையில் நமக்கும் பங்குண்டு. பதிவேட்டைப் படித்து, ஒரு கேள்வியேனும் கேட்போம். சோதனை முடிவுகளைக் கிராம சபையில் படிக்கச் செய்வோம். மாற்றாள் ஒருவரைப் பழக்கி, இயக்குபவருக்கு ஓய்வு நாள் அளிப்போம்.

குழாயடியில் குடம் நிரப்பும் தாய் நீரைச் சோதித்துப் பார்ப்பதில்லை. நம்மை நம்பியே குழந்தைக்குக் கொடுக்கிறாள். அந்நம்பிக்கைக்கு உரியவர்களாய் இருப்போமாக.