நெறி கட்டாத பிளேக்



பிளேக் பற்றிய கருத்தரங்கைக் கேரள-தமிழக எல்லையிலுள்ள கம்பம்மெட்டில் கூட்டியிருப்பது பொருத்தமே. கொண்டை ஊசி வளைவுகளில் கிழக்கே இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. நோய் அங்கே விடாமல் தங்கியதை ஆராய்ந்து ஜார்ஜும் வெப்ஸ்டரும் எழுதிய கட்டுரை 1934-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது.

அக்காலத்தில் வீட்டில் எலி செத்து விழுந்தாலோ, தொடையிடுக்கில் நெறி கட்டினாலோ மக்களே பிளேக் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் கிருமி நேரே இரத்தத்தில் பெருகும்போது நெறி கட்டாது. குளிர்காய்ச்சல், வாந்தி, வயிற்றுவலி என்று தொடங்கும். இரத்த அழுத்தம் சரியும். தோலடியில் இரத்தம் கசியும். விரல் நுனிகள் கறுக்கும். கறுத்த பிறகு கண்டுபிடித்து என்ன பயன்? மருந்தில்லாமல் பிழைப்பவர் அரிதினும் அரிது.

எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ், மலேரியா எல்லாமே தொடக்கத்தில் இப்படித்தான் தெரியும். பிளேக் யார் நினைவுக்கும் வராது. 1966-க்குப் பிறகு நாடு முழுவதுமே அதை மறந்திருந்தது. 1994-இல் பீட் மாவட்டத்திலும் சூரத்திலும் திரும்பி வந்தது. 2002-இல் இமாசலப் பிரதேசத்தில் மீண்டும் தலைகாட்டியது.

ஆகவே நான் வலியுறுத்துவது செய்ய வேண்டியவற்றின் வரிசையை. முதலில் கேள்வி: வீட்டிலோ தோட்டத்திலோ எலிகள் செத்துக் கிடந்தனவா? ஆம் என்றால், மருந்தின் முதல் ஊசிக்கு முன்பே இரத்தம் எடுங்கள். ஒரு முறை போதாது, இடைவெளி விட்டுச் சில முறை. சாயமேற்றிய தடவலில் கிருமியின் இரு முனையும் அடர்ந்து, நடு வெளிறி, மூடிய ஊக்கைப்போல் தெரியலாம். அது ஐயத்தைக் கூட்டும், உறுதி செய்யாது. வளர்ப்புச் சோதனைக்கு 28 டிகிரி வெப்பம் உகந்தது; 24 மணி நேரத்திலும் குண்டூசி முனையளவுப் புள்ளிகளே தெரியும். ஐயத்தை ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தானியங்கிக் கருவி பிளேக் கிருமியை அதே பேரினத்தின் வேறொரு யெர்சினியா என்று காட்டிவிடக்கூடும்.

முடிவுக்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் முற்றினால் நம் கை தானாகச் செல்வது செப்ட்ரியாக்சோனுக்கு. பிளேக்கில் அதை நம்பியிருக்க முடியாது. ஸ்ட்ரெப்டோமைசின் அல்லது ஜென்டாமைசின். மாற்றாக டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின். பொதுவாக 10 முதல் 14 நாள். ஜென்டாமைசின் கொடுத்தால் சிறுநீரகத்தைக் கவனியுங்கள். இருமல் தொடங்கினால் நுரையீரலுக்கும் பரவியிருக்கலாம். நோயாளியைத் தனிமைப்படுத்தி, நெருங்கிப் பழகியவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும்.

இந்த எல்லைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஏலத் தோட்டத்தில் வேலை செய்பவர் இடுக்கியில் எலியைப் பார்க்கிறார். காய்ச்சல் கண்டதும் தேனிக்குப் போகிறார். சோதனைச் சாவடியைத் தாண்டுவது நோயாளி மட்டுமே, செய்தி தாண்டுவதில்லை. இரு பக்கத்து மருத்துவமனைகளும் ஏற்கும் ஒரு பக்கப் படிவமும், எலிச் சாவை அன்றே தெரிவிக்க ஒரு பொது ஏற்பாடும் மாலை அமர்வுக்குள் எழுத்தில் வரவேண்டும். கட்டுரைகளைவிட அதையே இக்கருத்தரங்கின் பலனாகக் கருதுவேன்.

அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.