படம் பிடிக்குமுன் பட்டியல்: கொச்சி ஆவணங்களின் மின்னுருவாக்கம்

ஆவணங்களையும் அருங்காட்சியகப் பொருள்களையும் மின்னுருவாக்கும் பணிக்கு முதல் கருவி பட்டியல். கேமராவும் மின்வருடியும் அதற்குப் பின்னரே வரவேண்டும்.

கொச்சியின் டச்சு ஆவணங்கள் இதற்குத் தக்க சான்று. 1663இல் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1795இல் ஆங்கிலேயரிடம் அதை இழக்கும்வரை கடிதங்களும் கணக்குகளும் ஒப்பந்தங்களுமாக எழுதிக் குவித்தது. அவற்றில் எஞ்சிய பெரும்பகுதி ஆங்கிலேயர் வழியே சென்னைக்குச் சென்று, இன்று எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அவற்றின் மின்படிகள் ஹேக் நகரில், நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 2003இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் இக்கம்பெனியின் ஆவணங்களைச் சேர்த்தபோது, நெதர்லாந்து, இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளும் இணைந்தே விண்ணப்பித்திருந்தன. கடல்கடந்து சிதறிய தாள்களை ஒரே தொகுப்பாகக் காண முடிவது பட்டியல்களால்தான். 1657 முதல் 1825 வரையான சென்னை டச்சு ஆவணங்களுக்கு ஹெய்லிகர்ஸ் என்பவர் தொகுத்த அச்சுப்பட்டியல், கணினிக்கு வெகுகாலம் முந்தியது. எண்ணும் விவரமும் இல்லாத பத்தாயிரம் படங்கள், கயிறு அறுந்து கலைந்த ஓலைச்சுவடிக் கட்டுக்குச் சமம்.

ஒவ்வொரு பொருளுக்கும் என்றும் மாறாத ஓர் எண், காலம், அளவு, பொருளின் தன்மை, இருப்பிடம், வந்த வழி, இப்போதைய நிலை ஆகியவை வேண்டும். தொடக்கத்துக்கு டப்ளின் கோர் என்னும் விவரத் தரநிலை வகுத்த 15 தலைப்புகளே போதும். கொச்சியின் மட்டாஞ்சேரியில் மொழியையும் எழுத்தையும் தனித்தனியே குறிப்பது இன்றியமையாதது. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அளித்த, பரதேசி யூதர்கள் காத்துவந்த செப்பேடுகள் வட்டெழுத்தில் அமைந்தவை. மலையாள வரலாறு தேடுபவருக்கும் தமிழ் எழுத்து வரலாறு தேடுபவருக்கும் அவை அகப்பட வேண்டும்.

அடுத்தது தேர்வு. எது முதலில் அழியும், எது அடிக்கடி கேட்கப்படுகிறது, எது வேறெங்கும் கிடைக்காது என்பவையே அளவுகோல்கள். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான ஹோர்த்துஸ் மலபாரிக்கூஸ் என்னும் தாவர நூல் ஏற்கெனவே இணையத்தில் இருக்கிறது. அதற்கே மீண்டும் பணம் செலவிடுவது வீண். ஒரே படியாக வாழும் வணிகக் குடும்பங்களின் கணக்கேடுகளுக்கும், ஈரக்காற்றில் இரும்புக்கலவை மை அரித்துவரும் தாள்களுக்கும் முன்னுரிமை வேண்டும்.

படம்பிடிப்பதில் சில விதிகள் உண்டு. தைத்த ஏடுகளை மின்வருடியின் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தக்கூடாது. மேலிருந்து கேமராவால் எடுக்க வேண்டும். ஓலையின் இரு பக்கங்களையும், வெற்றுப் பக்கம் உட்பட, வரிசை குலையாமல் எடுக்க வேண்டும். செப்பேட்டுக்குப் பக்கவாட்டில் தாழ்ந்து விழும் ஒளியே எழுத்தைக் காட்டும். ஒவ்வொரு படத்திலும் அளவுகோலும் வண்ண அட்டையும் இருப்பது நல்லது. அங்குலத்துக்கு 400 புள்ளி வீதம், முழு வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஓர் ஏ4 பக்கம் சுமார் 46 மெகாபைட் ஆகும். 1,000 பக்கங்களுக்கு 46 கிகாபைட். ஆகவே சேமிப்புச் செலவை முதல் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும்: மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒரு படி வெள்ளம் எட்டாத வேறு ஊரில்.

உரிமைக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு வரம்பு வைக்கிறது. பொதுவாக ஆசிரியர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள். சட்டம் மட்டும் போதாது. மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் உட்புறமே 1990களில் ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. கொச்சி யூதர்களில் மிகப் பெரும்பாலோரும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுடைய குடும்பத் தாள்களை வெளியிடுமுன் அவர்களைக் கேட்பது கடமை. வெளிநாட்டு நிதி பெறும்போது, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டம் கடைப்பிடிப்பதுபோல், மூலம் நாட்டைவிட்டுப் போகாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

இறுதியாக வாசிப்பு. நெதர்லாந்தின் குளோபலைஸ் திட்டம், டச்சுக் கம்பெனியின் சுமார் 50 லட்சம் பக்கக் கையெழுத்தைக் கணினியால் படிக்கவைத்துள்ளது. கொச்சியின் பழைய மலையாளக் கணக்கேடுகளைக் கணினி கற்க, அந்தக் கையெழுத்தறிந்தோர் முதலில் மாதிரிப் பக்கங்களை எழுத்துப் பிசகாமல் பெயர்த்துத் தரவேண்டும். அவ்வாறு படிக்கத் தெரிந்த முதியோர் குறைந்துவருவதால், இப்பணி முதல் தொகுதிப் படங்களுடன் சேர்ந்தே நடந்தாக வேண்டும்.