வெயிலுக்கு எந்தக் கிரீம்?

(தலைமன்னார் கடற்கரையில் கூடிய மலையகக் குடும்பங்களின் சந்திப்பில், மகளிர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



இந்தக் கரையில்தான் நமது பாட்டன் பாட்டிமார் பலர் வந்து இறங்கினார்கள். ரயிலும் கப்பலும் வருவதற்கு முன்பு, இங்கிருந்து மாத்தளைவரை காட்டு வழியே நடந்தார்கள். அந்த 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை நம் மக்கள் அதே வழியில் மீண்டும் நடந்தார்கள். அன்று வெயிலுக்கு முக்காட்டுத் துணிதான் துணை. இன்று கடையில் கிரீம் விற்கிறது. “கெமிக்கலா, மினரலா, எதை வாங்குவது?” என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதைப் பற்றியே பேசுகிறோம்.

மன்னார் வெயில் சுடுகிறது, தெரிகிறது. நமது மலை குளிர்கிறது, அதனால் ஏமாறுகிறோம். உயரம் 1000 மீற்றர் கூடினால் புற ஊதாக்கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். மேகத்தையும் அது ஊடுருவும். நமது கறுப்பு நிறம் தோல் புற்றுநோயிலிருந்து நல்ல பாதுகாப்புத் தருகிறது. ஆனால் கன்னத்தில் வரும் கருந்திட்டையோ, கண் பாதிப்பையோ அது தடுக்காது.

கிரீம் இரண்டு வகை. மினரல் வகையில் சிங்க் ஒக்சைட், டைட்டானியம் டையொக்சைட் என்ற நுண்தூள்கள் உண்டு. இவை தோலின் மேலேயே தங்கும், எரிச்சல் குறைவு. சிறு பிள்ளைகளுக்கும், எளிதில் எரியும் தோலுக்கும் ஏற்றவை. குறை என்னவென்றால் நம் முகத்தில் சாம்பல் பூசியதுபோல் வெளுப்பாகத் தெரியும். மண்ணிறம் சேர்த்த கிரீம் என்றால் அது குறையும். அதிலுள்ள இரும்பு ஒக்சைட் கருந்திட்டைக்கும் நல்லது.

கெமிக்கல் வகை வெளுப்பு இல்லாமல் பரவும். ஆனால் சிலருக்குக் கண் எரியும். அதிலுள்ள சில பொருட்கள் இரத்தத்தில் கலப்பதை 2019இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதனால் தீங்கு என்று நிரூபணமாகவில்லை. கூடுதல் ஆய்வு வேண்டும் என்றே சொன்னார்கள். ஒக்சிபென்சோன், ஒக்டினோக்சேட் என்ற இரண்டும் பவளப்பாறைக்கு ஆபத்து என்று ஹவாய் தீவுகள் 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடுத்தன. இந்த மன்னார் வளைகுடாவிலும் பவளப்பாறைகள் உண்டு. அவற்றை நம்பி மீனும், மீனை நம்பி மக்களும் வாழ்கிறார்கள். பாறைகளுக்குப் பெரிய எதிரி கடல் சூடாவதுதான் என்றாலும், கடலில் இறங்கும்போது மினரல் கிரீமே போதும்.

எதை வாங்கினாலும் எஸ்.பி.எஃப். 30 போதும்; அது 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98தான். ஒரு சதவீதத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பூசுங்கள். வியர்வையில் வழிந்துபோகும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, வெள்ளையாக்கும் கிரீம் வெயில் கிரீம் அல்ல. விவரம் அச்சிடாத அத்தகைய டப்பாக்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டு, மருந்தடிக்கும் தோழர்களே, வெயில் கிரீம் கையுறைக்கு ஈடாகாது. 2,4-டி போன்ற களைநாசினி தோலுக்குள் கூடுதலாக இறங்க சில கிரீம்கள் வழிவிடுவதை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. அவற்றில் இரு வகைக் கிரீம்களும் உண்டு. மருந்தடிக்கும் நாளில் முழுக்கை உடுப்பும் கையுறையும்தான் காப்பு.

தோழர்களே, இரண்டு மணிக்கொருமுறை பூசும் கிரீமை நாட்கூலியில் யார் வாங்குவது? அதனால்தான் சொல்கிறோம்: கிரீம் கடைசிக் காப்பு. அகன்ற தொப்பி, முழுக்கை உடுப்பு, மலையில் நிழற்கொட்டில், குடிநீர், உச்சி வெயிலில் ஓய்வு, இவையே முதல் காப்பு. உடல் சூடேறி மயங்கி விழுவதை எந்தக் கிரீமும் தடுக்காது. நிழலும் தண்ணீரும்தான் தடுக்கும்.

இவை துரைமார் தரும் தானமல்ல, நமது உரிமை. நிர்வாகத்தோடு அடுத்த பேச்சுக்குப் போகும்போது சம்பளத்துக்கு அடுத்த வரியில் நிழலையும் எழுதுவோம். முக்காட்டுத் துணியோடு இங்கிருந்து நடந்தவர்களின் பிள்ளைகள் நாம். நமது பிள்ளைகளுக்கு நிழலையாவது பெற்றுக் கொடுப்போம்.