பாட்டுப் பாடினால் பாதரசம் போய்விடுமா?

(திருவண்ணாமலையில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நான் கூலி உயர்வைப் பற்றிப் பேச வரவில்லை. ஒரு பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இத்தனை தொல்லைகளுக்கு நடுவே பாட்டு ஒரு கேடா?" என்று நினைக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, பிறகு சொல்லுங்கள்.

சில நாட்களுக்கு முன் ஆரணிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு வேளையில் ஓர் இளைஞர் செல்போனை நீட்டி, "இதைக் கேளுங்க தோழர்" என்றார். ஒரு பெண் இங்கிலீஷில் படபடவென்று பொரிந்து தள்ளுகிறார். பின்னால் தாளம் இடிக்கிறது. "இது என்னப்பா பாட்டு? வெறும் அமெரிக்கக் கூச்சல்!" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இது கொடைக்கானல் பாதரசத் தொழிலாளிகளைப் பத்தின பாட்டு, தோழர்" என்றார். வரிவரியாகப் பொருளும் சொன்னார். என் அவசரத்துக்கு நானே வெட்கப்பட்டேன்.

களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி போட்டார்: "ஏம்ப்பா, பாட்டுப் பாடினா பாதரசம் போயிடுமா?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

மலைக்கு வந்த விஷம்

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டருக்குள் வெள்ளிபோல் ஓடுமே, அதுதான் பாதரசம். உலோகந்தான், ஆனால் தண்ணீர்போல் உருளும். திறந்து வைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகும். அந்த ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் நரம்பு கெடும், கை நடுங்கும், ஞாபகம் தப்பும், சிறுநீரகம் பழுதாகும்.

இந்தத் தெர்மாமீட்டர் செய்யும் தொழிற்சாலை அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் இருந்தது. 1980களில் அதைப் பெயர்த்துக் கொண்டுவந்து கொடைக்கானலில் வைத்தார்கள். பிறகு அது யூனிலீவர் குடும்பத்து இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு வந்தது. சோப்பும் பற்பசையும் விற்கிற அதே கம்பெனிதான்.

2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி குவிந்து கிடந்தது அம்பலமாயிற்று. ஊர் ஜனங்கள் திரண்டார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. விதிமுறையை மீறிக் கழிவு விற்கப்பட்டதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. ஆனால் மண்ணில் கலந்தது மண்ணிலேயே கிடந்தது. ஆலைக்குப் பின்புறச் சரிவில் பாம்பார் சோலை. அங்கே விழும் மழை கீழே சமவெளிக்கு இறங்குகிறது. ஆகவே இது ஆலைத் தொழிலாளியின் விவகாரம் மட்டுமல்ல. கழனியில் இறங்கும் விவசாயத் தொழிலாளியின் விவகாரமும் ஆகும்.

வேலை செய்தவர்கள் தங்கள் உடம்பு கெட்டுப்போயிற்று என்றார்கள். தொழிலாளர் உடல்நலத்துக்குக் கேடு நேரவில்லை என்று கம்பெனி சாதித்தது. 2006-ல் தொழிலாளர்கள் சென்னை உயர்நீதிமன்றப் படியேறினார்கள். வாய்தாக்கள் ஓடின. வருஷங்களும் ஓடின.

மெட்டு பழையது, சொல் புதியது

2015 ஜூலை 30-ந் தேதி அந்தப் பாட்டு வெளிவந்தது. பெயர் 'கொடைக்கானல் ஓண்ட்'. கொடைக்கானல் பணியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடியவர் சென்னைப் பெண் சோபியா அஷ்ரப். விளம்பரக் கம்பெனியில் வாசகம் எழுதியவர். பொருளை விற்கப் பழகிய பேனாவை நியாயம் கேட்கத் திருப்பினார். இதற்கு முன்பே போபால் விஷவாயு விவகாரத்திலும் பாடியவர் அவர்.

மெட்டு அவருடையதல்ல. அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜ் 2014-ல் பாடிய 'அனகோண்டா' என்ற கேளிக்கைப் பாட்டின் மெட்டு. "கடன் வாங்கிய மெட்டு, அதுவும் ஆபாசப் பாட்டின் மெட்டு" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. தோழர்களே, நாம் என்ன செய்கிறோம்? ஊரறிந்த கும்மி மெட்டிலும் சினிமா மெட்டிலும் நம் கோரிக்கையை ஏற்றிப் பாடுவதில்லையா? தெரிந்த மெட்டு என்றால் காது தானாகத் திறக்கும். திறந்த காதில் புதிய சொல்லைப் போட வேண்டும். அதைத்தான் அவரும் செய்தார்.

அந்தப் பாணிக்கு ராப் என்று பெயர். இராகம் இழுப்பதில்லை, தாளத்தின்மேல் பேச்சை ஏற்றி அடிப்பது. 1970களில் நியூயார்க்கின் ஏழைக் கறுப்பு மக்கள் வாழ்ந்த தெருக்களில் பிறந்தது. தொழிற்சாலையும் நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்தது. ராப்பும் நியூயார்க்கிலிருந்துதான் வந்தது. ஒன்றை முதலாளி கொண்டுவந்தான். மற்றொன்றை நம் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். நம் வடாற்காட்டுத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே எதிரில் வைத்துக்கொண்டு படபடவென்று நையாண்டி செய்கிறானே, அந்தத் துணிச்சல்தான் இதிலும் இருக்கிறது.

சொல்லிலே சுற்றிவளைப்பு இல்லை. கம்பெனியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். விஷத்தை அள்ளு, தொழிலாளிக்கு நஷ்டஈடு கொடு, அதுவரை ஓயமாட்டோம் என்கிறார்.

உலகம் கேட்டது

சில நாட்களுக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட முறை அந்தப் படத்தை ஜனங்கள் பார்த்தார்கள். மெட்டுக்குச் சொந்தக்காரியான நிக்கி மினாஜே அதை ஊருக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். யூனிலீவரின் தலைமை அதிகாரி பால் போல்மன் தாமே பதில் சொல்ல வேண்டி வந்தது. பதினான்கு வருஷம் கொடைக்கானலில் கத்தியது எட்டாத இடத்துக்கு ஒரு பாட்டு எட்டிற்று.

2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி உடன்படிக்கை செய்துகொண்டது. மனிதாபிமானத்தால் கொடுக்கிறோம், குற்றத்தை ஒப்புக்கொண்டல்ல என்று அறிவித்தது.

அப்படியானால் வென்றது பாட்டா? இங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது. சங்கமாய்ச் சேர்ந்து, பெயர்ப் பட்டியல் எழுதி, வழக்குத் தொடுத்து, பதினைந்து வருஷம் கலையாமல் நின்றவர்கள் தொழிலாளர்கள். அவர்கள் நின்றிராவிட்டால் பாட்டுக்குப் பொருளே இருந்திருக்காது. பாட்டு வந்திராவிட்டால், இன்னும் எத்தனை வாய்தா ஆகியிருக்குமோ! தேரை இழுப்பது வடம் பிடித்த கைகள். பம்பைச் சத்தம் தேரை இழுப்பதில்லை. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க அந்தச் சத்தம் வேண்டும்.

மண் இன்னும் மிச்சம்

பணம் வந்தது, மண் சுத்தமாகவில்லை. ஆகவே 2018-ல் இரண்டாவது பாட்டு வந்தது. சோபியா அஷ்ரபுடன் கர்நாடக சங்கீத வித்வான் டி.எம். கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் சேர்ந்தார்கள். கேள்வி இதுதான்: ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் இருந்தால் பரவாயில்லை என்று இங்கே அளவு வைக்கிறீர்களே, இங்கிலாந்தில் இப்படி விடுவீர்களா? வெள்ளைக்காரன் மூச்சுக்கு ஒரு விலை, கொடைக்கானல்காரன் மூச்சுக்கு ஒரு விலையா?

ஆகவே அந்த அம்மாளுக்கு என் பதில்: பாட்டுப் பாடினால் பாதரசம் போகாது, தாயே. மண்ணைச் சுரண்டி அள்ளினால்தான் போகும். ஆனால் அள்ளவேண்டியவன் காதில் விழவைப்பது பாட்டு.

தோழர்களே! நம் நெல் ஆலைகளில் உமித்தூசு நெஞ்சை அடைக்கிறது. கடலைக் காட்டில் முகத்துக்கு ஒரு துணிகூட இல்லாமல் மருந்து அடிக்கிறோம். எந்த மருந்து, எத்தனை நாள், யாருக்கு மயக்கம் வந்தது என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறோமா? கொடைக்கானல் தொழிலாளர்கள் எழுதி வைத்தார்கள், ஒன்றாக நின்றார்கள். முதலில் அந்த நோட்டுப் புத்தகத்தைத் தொடங்குவோம். அப்புறம் நம் பிள்ளைகள் என்ன மெட்டில் பாடினாலும், "கூச்சல்" என்று தள்ளாமல் உட்கார்ந்து கேட்போம். நான் செய்த தவற்றை நீங்களும் செய்ய வேண்டாம்.