கருவி யார் கையில்?

(எடமலைப்பட்டி புதூரில் இளைஞர்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் புதூரில் திருவிழா, காதுகுத்து எதுவானாலும் முதலில் ஸ்பீக்கர் கட்டுவோம். ஜமைக்காவிலும் அப்படித்தான். வானொலி ஒதுக்கிய ஏழைக் கறுப்பர்களின் பாட்டைக் கிங்ஸ்டன் தெருக்களில் ஒலிக்கவிட்டது சவுண்டு சிஸ்டம்தான். ரெக்கே அதில்தான் வளர்ந்தது.

அந்தக் கிங்ஸ்டனில் வாட்டர்ஹவுஸ் என்றொரு ஏழைப் பகுதி. அங்கே எலக்ட்ரானிக் சாமான்கள் பழுதுபார்த்துக்கொண்டு, சொந்தமாக சவுண்டு சிஸ்டமும் நடத்தியவர் கிங் ஜாமி. கிங் டப்பியிடம் தொழில் கற்றவர். 1985இல் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் நோயல் டேவியும் கேசியோ எம்டி-40 கீபோர்டில் இருந்த ரெடிமேட் தாளம் ஒன்றை அவரிடம் கொண்டுவந்தார்கள். ஜாமி அதன் வேகத்தைக் குறைத்தார். பியானோவும் கைதட்டலும் சேர்த்தார். ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ பிறந்தது. பாஸ் கிட்டார் கலைஞரும் இல்லை, டிரம்மரும் இல்லை. அந்த ஒரே தாளத்தின் மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் வந்தன. டிஜிட்டல் டான்ஸ்ஹால் அலை எழுந்தது. பேண்டுக்குக் காசில்லாத பையனும் பாட்டு போட முடிந்தது. அதே அலையில் பல வாத்தியக்காரர்களின் பிழைப்பும் போனது. அதையும் மறக்கக் கூடாது.

நம் ஊரில் கருவிக்கும் சாதி உண்டு. மிருதங்கத்துக்குத் தோல் கட்டுகிறவர் ஒருவர்; சபா மேடையில் உட்காருகிறவர் வேறொருவர். என் அப்பா பறையடித்தவர். சாவு வீட்டில் கூலியைத் தள்ளி நின்றுதான் வாங்குவார். எனக்கு ஒரு பழைய கேசியோ வாங்கித் தந்து, “இதுக்குச் சாதி கிடையாதுடா” என்றார்.

கேசியோவுக்குக் கிடையாதுதான். வாசிக்கப் போன ஊர்களில், “யார் வீட்டுப் பையன்?” என்று கேட்ட பிறகே சாப்பாட்டுக்கு இடம் காட்டினார்கள்.

அதனால்தான் ஜாமியை நினைக்கிறேன். கீபோர்டு எந்தக் கடையிலும் கிடைக்கும். ஸ்டுடியோவும் ஸ்பீக்கரும் வெளியிடும் உரிமையும் அவர் கையில் இருந்தன. 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது கானாவுக்கும் ராப்புக்கும் யாரிடமும் இடம் கேட்கவில்லை. மேடையே நம்முடையது.

லேப்டாப் வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, பாட்டு மட்டும் போடாதீர்கள். பதிவு செய்யவும் வெளியிடவும் உரிமைப் பத்திரம் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டுப் பரணில் பறை கிடந்தால் இறக்குங்கள். முதல் சாம்பிளை அதிலிருந்து எடுங்கள். அடித்துக் காட்ட அப்பாவைக் கூப்பிடுங்கள். கூலியைக் கையில் கொடுங்கள்.